தூரிகையும் மண்வெட்டியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஐரோப்பிய ஓவியர்களின் நாட்டம் பூமிக்கு அடியிலே சென்று நிலைத்தது. வெசூவியஸ் எரிமலை மூடிப் புதைத்த ஹெர்குலேனியம் நகரை 1738-ஆம் ஆண்டிலும், பொம்பேயி நகரை 1748-ஆம் ஆண்டிலும் தோண்டத் தொடங்கினர். அங்கே வெளிப்பட்ட சுவரோவியங்களையும் சிலைகளையும் கண்ட கலைஞர், பண்டைக் கிரேக்கரும் உரோமரும் கண்ட எளிமையும் தெளிந்த கோடும் அமைதியுமே உயர்ந்த அழகு என்று கொண்டனர். அந்நெறியைப் புதுச் செவ்வியல் நெறி என்கிறோம். நெறி பரவவே, உரோமாபுரியில் பண்டைச் சிலைகளுக்குப் பெருவிலை ஏறிற்று. சிலையைப் பார்த்து வரைந்தவர்கள் சிலையைத் தோண்டி எடுக்கவும் முற்பட்டனர். ஸ்காட்லாந்து ஓவியர் கேவின் ஹாமில்டன் 1769-இல் ஹேட்ரியன் பேரரசரின் மாளிகைப் பகுதியை அகழ்ந்து வழிகாட்டினார். அவ்வழியிலே சென்று புகழும் பொருளும் பெற்று, முடிவில் துயருற்று மாண்டவர் ராபர்ட் ஃபேகன்.

ஃபேகன் 1761-ஆம் ஆண்டு அளவில் இலண்டனிலே பிறந்தார். அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பம். தந்தை ரொட்டி சுடும் தொழிலர். இராயல் அகாதமிப் பள்ளியில் ஓவியம் பயின்ற இளைஞர், 1780-களில் இத்தாலிக்குச் சென்று உரோமாபுரியிலே தங்கிவிட்டார். மணமும் அந்நகரத்துப் பெண்ணோடுதான்; அவர் மறைந்தபின் செய்துகொண்ட இரண்டாம் மணமும் அவ்வாறே.

அந்நாளில் ஆங்கிலச் செல்வர் வீட்டு மக்கள் இத்தாலிக்கு யாத்திரை வருவர். வந்தவர் தம் உருவப்படம் ஒன்று தீட்டிக்கொண்டு ஊர் திரும்புவர். ஃபேகனுக்குப் பிழைப்பு அதுவே. பிற்காலத்தில் ஹாலந்துச் சீமாட்டியாகப் புகழ்பெற்ற எலிசபெத் வெப்ஸ்டரை அவர் 1793-இல் வரைந்தார். முகத்தின் எல்லைக்கோடு செதுக்கியதுபோல் இருக்கும். பார்வை நம்மை நேரே நோக்கும். படிமம் பார்த்துப் பழகிய கை என்பது புலனாகும். 1803-இல் தம்மையும் தம் இரண்டாம் மனைவியையும் தீட்டிய படத்தில், அப்பெண்மணியின் மார்பைப் பண்டைத் தேவியின் சிலைபோலத் திறந்தே காட்டினார். அது இப்போது அயர்லாந்தின் லிமரிக் நகரத்து ஹண்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அயர்லாந்தை ஒரு மங்கையாக உருவகித்து, அறுந்த நரம்புகளையுடைய யாழோடு அவர் வரைந்த மற்றொரு படம் நம் நெஞ்சைத் தொடுவது. 1801-ஆம் ஆண்டிலே அயர்லாந்து தன் பாராளுமன்றத்தை இழந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டதை நினைத்தால், அறுந்த நரம்பின் பொருளைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இனி மண்வெட்டிக்கு வருவோம். 1794-இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன் அகஸ்டஸ் இளவரசரையும் கார்பெட் என்ற கனவானையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, உரோமுக்குத் தெற்கேயுள்ள கம்போ இயெமினி என்ற இடத்தை ஃபேகன் அகழ்ந்தார். அங்கே கிடைத்த வீனஸ் சிலை இளவரசரின் தமையனார் வழியே இலண்டன் அரண்மனை புகுந்தது. 1834-இல் நான்காம் வில்லியம் மன்னர் அதனைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அடுத்து ஃபேகனின் நாட்டம் டைபர் நதியின் முகத்திலே மண்மூடிக் கிடந்த பழந்துறைமுகமான ஓஸ்தியாவின்மேல் விழுந்தது. 1797-இல் அங்கே மித்ராஸ் என்னும் தெய்வத்தின் கோயில் ஒன்று அகப்பட்டது. நம் வேதங்களிலே வரும் மித்திரன் என்ற பெயரோடு வேர் உறவுடைய பெயர் இது. சிங்கமுகமும், உடலைச் சுற்றிய பாம்பும், இறக்கைகளும் கொண்ட விந்தையான சிலை அங்கே இருந்தது. கி.பி. 190-ஆம் ஆண்டில் நிறுவியது என்று அதில் பொறித்திருக்கிறது. இளமைக்கால அகஸ்டஸ் சீசரின் முகம் என்று போற்றப்படும் சலவைக்கல் தலையும் ஃபேகன் ஓஸ்தியாவில் எடுத்ததே. இவ்விரண்டும் வத்திக்கானில் உள்ளன. கோயிலோ கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன் இடத்தை ஏறத்தாழத்தான் குறிக்க இயலும். சிலையை எடுத்தனர், சிலை நின்ற இடத்தைப் பேணினாரில்லை.

இவ்விடத்தே நமக்குச் சொல் இடர்ப்பாடு ஒன்று நேர்கிறது. ஃபேகனைத் தொல்பொருள் ஆய்வாளர் என்று எழுதினால், அளவுகோலும் குறிப்பேடும் கொண்டு அடுக்கடுக்காக மண்ணை நீக்குகின்ற இக்காலத்து அறிஞரை நினைப்போம். சிலை வணிகர் என்று எழுதினால் அவருடைய புலமையையும் அழகுணர்வையும் மறைத்தவர் ஆவோம். அந்த நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே வேலி போடப்படவில்லை. பிரெஞ்சுப் படை 1798-இல் உரோமுக்குள் புகுந்த குழப்பத்தில், அல்தியேரி பிரபுக்களின் மாளிகையிலிருந்த கிளாட் லொரேனின் ஓவியங்கள் இரண்டை, கிரினியன் என்ற ஓவியரோடு கூடி வாங்கி, ஒளித்துவைத்து, கடல்வழியே இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் இதே ஃபேகன்தான். பெக்ஃபோர்டு என்ற செல்வர் அவற்றை வாங்கினார்.

வேலியைப் போட முனைந்தது போப்பாண்டவரின் அரசு. பிரெஞ்சுக்காரர் வத்திக்கானின் சிறந்த சிலைகளைப் பாரிசுக்கு வாரிச் சென்றிருந்தனர். எஞ்சியதையும் அயல்நாட்டார் விலைகொடுத்துக் கொண்டுபோவதைக் கண்டு பொறாதவர், தொல்பொருள் ஆணையராயிருந்த கார்லோ ஃபேயா. மண்ணுள் மறைந்த பண்டைச் செல்வம் மக்களுக்குப் பொதுவானது, அதன்மேல் அரசுக்கு உரிமை உண்டு என்பது அவர் வழக்கு. ஃபேகனின் ஓஸ்தியா அகழ்வு அவருடைய கண்ணை உறுத்திற்று. ஏழாம் பயஸ் போப்பாண்டவர் 1802-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் பிறப்பித்த ஆணை, பழம்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்வதைத் தடுத்தது. ஓஸ்தியாவை அரசே அகழத் தொடங்கியது. ஃபேகன் எடுத்தவற்றுள் பலவற்றைப் போப்பாண்டவரே விலைகொடுத்து வாங்கித் தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். ஃபேகன் தம் பொருளாசையால் ஒரு நல்ல சட்டத்துக்குக் காரணமானவர்களுள் ஒருவரானார் என்று சொன்னால் அது மிகையாகாது என்றே கருதுகிறோம்.

பின்னர் அவர் சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குப் பெயர்ந்தார். 1809-இல் சிசிலிக்கும் மால்ட்டாவுக்கும் பிரிட்டனின் தலைமைக் கான்சல் ஆனார். பதவியின் செல்வாக்கோடு திந்தாரிஸ் முதலிய பழம்பதிகளைத் தோண்டினார். வரவை மிஞ்சிய செலவு, கடன், மனச்சோர்வு ஆகியவை பிற்காலத்தில் அவரைச் சூழ்ந்தன. 1816-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், தாம் இளமையில் வந்துசேர்ந்த அதே உரோமாபுரியிலே, சாளரத்தின் வழியே குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். எல்கின் பிரபு ஏதென்சிலிருந்து கொண்டுவந்த பார்த்தெனான் சிற்பங்களைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 35,000 பவுன் கொடுத்து வாங்கியதும் அதே 1816-இல்தான்.

அந்தப் பார்த்தெனானின் துண்டு ஒன்று ஃபேகனிடமும் இருந்தது. கோயிலின் கிழக்குப் புறத்துச் சிற்ப வரிசையிலே அமர்ந்திருந்த தேவி ஒருத்தியின் பாதமும் ஆடையின் விளிம்பும் மட்டுமே அமைந்த சிறுகல் அது. கணவரை இழந்த ஃபேகனின் மனைவி அதனைப் பலெர்மோ பல்கலைக்கழகத்துக்கு விற்றார். அங்கிருந்து அது அந்நகரின் சலீனாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்தன. 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் சிசிலி அரசு அதனை ஏதென்சுக்கு முதலிலே தவணைக் கடனாக அனுப்பியது. கிரேக்கர் அதற்கு ஈடாகத் தலையற்ற அதீனா தேவியின் சிலையொன்றையும், கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய சாடியொன்றையும் பலெர்மோவுக்குக் கடனாகவே கொடுத்தனர். ஜூன் மாதத்தில் கடன் நிரந்தர உரிமையாக மாறியது. அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்திலே, கிழக்குச் சிற்ப வரிசையில் தேவியின் பாதம் இருந்த வெற்றிடத்தில் அச்சிறுகல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அதனை 'ஃபேகன் துண்டு' என்றே வழங்குகின்றனர்.