அலுவலக இரவுக்கென்று பிறந்த அழைப்பு

வீட்டில் அணைத்து வைத்த கணினியை வெளியூரிலிருந்து எழுப்ப முயல்பவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பயாஸில் ‘வேக் ஆன் லேன்’ வசதியை இயக்கியாயிற்று, ரவுட்டரில் போர்ட் திறந்தாயிற்று, பாக்கெட் போய்விட்டதாகக் கைபேசிச் செயலியும் சொல்லிவிட்டது. கணினி மட்டும் எழவில்லை. ஏதோ ஓர் அமைப்பைத் தாங்கள்தான் தவறவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என் வாதம் வேறு. இந்தத் தொழில்நுட்பம் வீட்டை மனத்தில் வைத்து உருவானதே அல்ல. அது பிறந்த பின் நெட்வொர்க்கிலும் மின் விதிகளிலும் வந்த மாற்றங்கள், தக்க காரணங்களோடு, அதன் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தன. அவை எந்த வரிசையில் அடைபட்டன என்று தெரிந்தால் கோளாறை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் அலுவலகக் கணினிகள் இரவு முழுவதும் வீணாக எரிந்துகொண்டிருப்பது அமெரிக்க அரசின் கண்ணில் பட்டது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் ‘எனர்ஜி ஸ்டார்’ திட்டத்தைத் தொடங்கியது. அரசுத் துறைகள் அந்த முத்திரை பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்று அதிபர் கிளிண்டன் 1993இல் ஆணையிட்டார். ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்கவும் காப்பு நகல் எடுக்கவும் கணினி நிர்வாகிகளுக்குத் தோதான நேரம், ஊழியர்கள் வீடு திரும்பிய அந்த இரவுதான். அணைத்து வைத்தால் மின்சாரம் மிச்சம், பராமரிப்பு நடக்காது. இந்த முரணுக்கு விடையாக ஏஎம்டி நிறுவனமும் ஹியூலெட்-பேக்கார்டும் அணைத்த கணினியை வலை வழியே எழுப்பும் ‘மேஜிக் பாக்கெட்’டை 1995இல் உருவாக்கின. ஐபிஎம், இன்டெல் இரண்டும் சேர்ந்து அமைத்த நிர்வாகக் கூட்டணி 1997இல் அதை ‘வேக் ஆன் லேன்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அழைப்பவரும் அழைக்கப்படும் கணினியும் ஒரே நிறுவனத்தின் ஒரே வலைக்குள் இருப்பதுதான் அவர்கள் கண்ட காட்சி. கணினியின் சொந்தக்காரர் வேறோர் ஊரில் இருந்துகொண்டு இணையம் வழியே அழைப்பது அதில் இல்லை.

அந்தப் பாக்கெட்டின் அமைப்பிலேயே இது தெரியும். எல்லாப் பிட்டும் 1 ஆக உள்ள ஆறு பைட்டுகள், அதன் பிறகு எழுப்ப வேண்டிய நெட்வொர்க் அட்டையின் ஆறு பைட் மேக் முகவரி பதினாறு முறை, ஆக மொத்தம் 102 பைட்டுகள். கணினி உறங்கும்போது அதன் சிபியுவும் இயங்குதளமும் விழித்திருக்காது, ஆகவே ஐபி முகவரியைப் புரிந்துகொள்ளவும் அங்கே ஆளில்லை. விழித்திருப்பது நெட்வொர்க் அட்டையின் ஒரு சிறு பகுதி மட்டும். கடந்து போகும் தரவில் தன் முகவரி பதினாறு முறை அடுத்தடுத்து வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. பதில் சொல்லும் ஏற்பாடும் இல்லை. அதனால் கைபேசிச் செயலி காட்டும் ‘அனுப்பப்பட்டது’ என்ற செய்திக்கு, பாக்கெட் கைபேசியை விட்டுக் கிளம்பிவிட்டது என்பதற்கு மேல் பொருள் இல்லை. ஒப்புகையும் அடையாளச் சோதனையும் இல்லாத இதை மட்டமான வடிவமைப்பு என்று குறை சொல்பவர்கள் உண்டு. சில அட்டைகள் பின்னால் கடவுச்சொல் வசதியைச் சேர்த்தன. அதுவும் மறையாக்கம் இல்லாமல்தான் பயணிக்கிறது. இருந்தாலும் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இத்தனை எளிமையாக இருந்ததால்தான் மிகக் குறைந்த மின்சாரத்தில், மலிவான சில்லில், எந்த இயங்குதளத்தையும் சாராமல் இது இன்றுவரை பிழைத்திருக்கிறது.

அந்தக் குறைந்த மின்சாரம் வந்து சேர்வதே முதல் சிக்கலாக இருந்தது. அணைத்த பின்னும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தரும் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 1995இல்தான் வந்தது. தொடக்க கால அட்டைகளுக்கு அந்த மின்சாரத்தை மதர்போர்டிலிருந்து மூன்று கம்பி கொண்ட தனிக் கேபிள் வழியே கொடுக்க வேண்டியிருந்தது. 1998இல் வந்த பிசிஐ 2.2 தரம் காத்திருப்பு மின்சாரத்தை அட்டை செருகும் இடத்திலேயே தந்ததும் அந்தக் கேபிள் தேவையற்றுப் போயிற்று. பிறகு சட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. அணைத்த நிலையில் உள்ள வீட்டு, அலுவலகக் கருவிகள் 2010 முதல் 1 வாட்டுக்கும் 2013 முதல் 0.5 வாட்டுக்கும் மேல் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு கட்டியது. அதற்கேற்ப மதர்போர்டு நிறுவனங்கள் பயாஸில் ‘இஆர்பி’ என்றொரு தேர்வைச் சேர்த்தன. அது இயக்கத்தில் இருந்தால் பெரும்பாலான பலகைகளில் நெட்வொர்க் அட்டைக்குப் போகும் காத்திருப்பு மின்சாரமும் நின்றுவிடும். 2012இல் வந்த விண்டோஸ் 8 ‘விரைவுத் தொடக்கம்’ என்ற பாதி உறக்க நிலையைக் கொண்டுவந்தது. அணைத்த கணினி மின்சாரம் எடுக்காது என்றே பயனர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்லி, அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் அட்டையை எழுப்பலுக்கு ஆயத்தப்படுத்தாமலே விட்டது. அரை வாட்டுக்காக ஒரு வசதியைக் கொல்வதா என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வாட் ஆண்டு முழுவதும் ஓடினால் 8.76 யூனிட், ஒரு கோடி கணினிகளுக்கு 8.76 கோடி யூனிட். எழுப்பும் வசதியை ஒருபோதும் பயன்படுத்தாத கணினிகளே அவற்றில் மிகுதி. எனவே முன்னிருப்பாக அதை நிறுத்தி வைத்ததில் நியாயம் இருக்கிறது. கோளாறு தேடுபவர் செய்ய வேண்டியது, கணினியை அணைத்துவிட்டு நெட்வொர்க் போர்ட்டின் விளக்கைப் பார்ப்பது. விளக்கும் அணைந்திருந்தால் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தும் பயனில்லை. இஆர்பியையும் விரைவுத் தொடக்கத்தையும் முதலில் கவனிக்க வேண்டும்.

விளக்கு எரிந்து, வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து அழைத்தால் எழுந்து, வெளியிலிருந்து அழைத்தால் மட்டும் எழவில்லையென்றால் காரணம் வேறொரு வரலாற்றில் இருக்கிறது. ஒரு வலையிலுள்ள எல்லாருக்குமான பிராட்காஸ்ட் முகவரிக்கு வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை ரவுட்டர்கள் உள்ளே அனுப்பலாம் என்பதுதான் 1995இல் வெளியான ரவுட்டர் வரையறையின் முன்னிருப்பு. 1997, 1998 வாக்கில் ‘ஸ்மர்ஃப்’ தாக்குதல் அதையே ஆயுதமாக்கியது. இலக்கின் முகவரியைப் போலியாக இட்டு ஒரு பிராட்காஸ்ட் முகவரிக்கு ஒரே பாக்கெட் அனுப்பினால், அந்த வலையின் கணினிகள் எல்லாம் சேர்ந்து இலக்கின் மீது பதில்களைக் கொட்டின. 1999 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 2644 என்ற இணையத் தர ஆவணம் அந்த முன்னிருப்பை மாற்றி வழியை மூடியது. வேக் ஆன் லேன் சந்தைக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

“நான் போர்ட் திறந்து வைத்திருக்கிறேன், எனக்கு எழுகிறதே” என்று இதை மறுப்பவர்கள் உண்டு. கணினியை அணைத்த சில நிமிடங்களில் சோதித்துப் பார்த்தால் எழத்தான் செய்யும். அதன் ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரி எது என்ற குறிப்பு அப்போது ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையில் இன்னும் இருக்கும். உறங்கும் கணினி ஏஆர்பி கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்லாது. குறிப்பு காலாவதியானதும் பாக்கெட்டை யாரிடம் கொடுப்பதென்று ரவுட்டருக்குத் தெரியாமல் போகிறது. மாலையில் வேலை செய்து மறுநாள் காலையில் பொய்த்துப்போகும் அமைப்புகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். நிலையான ஏஆர்பி குறிப்பை எழுத விடும் ரவுட்டராக இருந்தால் இதைச் சரிசெய்யலாம். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அந்த வழியும் கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதற்காக 2012இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. வெளியிலிருந்து வருவது உங்கள் வீட்டுக்கு வரும் முன்பே சேவை நிறுவனத்தின் கருவியில் நின்றுவிடும்.

ஆகவே வெளியிலிருந்து பாக்கெட்டைத் திணிக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே விழித்திருக்கும் ஒன்றிடம் அந்த வேலையை ஒப்படைப்பதே சரியான வழி. ஆப்பிள் 2009இல் ஸ்னோ லெப்பர்டு இயங்குதளத்தோடு இதைச் செய்தது. கணினி உறங்கும் முன் தான் தரும் சேவைகளை ஆப்பிளின் ரவுட்டரான ஏர்போர்ட்டிடம் சொல்லிவிடும். ஏஆர்பி கேள்விகளுக்கு அதன் சார்பில் ஏர்போர்ட்டே பதில் சொல்லி, உண்மையான தேவை வந்தால் மட்டும் எழுப்பும். 2010இல் எக்மா அமைப்பு இதே கருத்துக்கு ஒரு பொதுத் தரம் வகுத்தது. சாதாரண வீட்டு ரவுட்டர்களில் அது பரவாமல் போனது எனக்கு வருத்தம்தான். ஆயினும் அதன் சாரத்தை இன்று யாரும் அமைத்துக்கொள்ளலாம். ரவுட்டரிலோ ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியிலோ விபிஎன் வைத்து, அதன் வழியே உள்ளே நுழைந்து, அங்கிருந்தே மேஜிக் பாக்கெட்டை அனுப்பலாம். பொது முகவரி இல்லாத வீடுகளில், உள்ளிருந்து தானே வெளியே தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் வகை விபிஎன் வேண்டும். அடையாளச் சோதனையை விபிஎன் பார்த்துக்கொள்வதால் போர்ட்டைத் திறந்து போட வேண்டியதில்லை. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் இன்னொன்றும் செய்ய வேண்டும். பல கணினிகளில் நெட்வொர்க் அட்டையை எழுப்பலுக்கு ஆயத்தப்படுத்துவது, அணையும் தறுவாயில் இயங்குதளம் செய்யும் வேலை. மின்சாரம் போய் வந்தால் அந்த ஆயத்தம் அழிந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே ஒருமுறை இயங்கும்படி பயாஸில் வைத்து, பிறகு அது தானாக உறக்கத்துக்குப் போகும்படி இயங்குதளத்தில் அமைத்துவிட்டால் அடுத்த அழைப்புக்கு எழும்.