மரகதமும் அதன் குற்றமும்

சென்ற தைத் திங்களில் நம் சங்கத்து முதியவரொருவர் மோதிரமொன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எம் இல்லம் போந்தார். அவர்தம் பாட்டியார் அணிந்திருந்த பச்சைக்கல் மோதிரம் அது. பேர்த்தியின் திருமணத்திற்கென அதனை ஆசாரியிடம் கொடுத்து மெருகிட்டு வாங்கியபின், வீட்டுப் பெண்டிர் சோடா உப்பிட்ட வெந்நீரில் இரவெல்லாம் ஊறவைத்துக் கழுவியிருக்கின்றனர். மறுநாட் காலை நோக்கின், முன்பு தெளிந்திருந்த கல்லில் வெள்ளிய கீற்றுக்கள் பல தோன்றின. ‘கல்லை மாற்றிவிட்டான்’ என்ற பேச்சு வீடெங்கும் எழுந்தது. மூன்று தலைமுறையாக அவ்வீட்டிற்குப் பணி செய்துவரும் ஆசாரியின் நற்பெயர் ஒரு பகலிற் கெட்டது. “தாங்கள் நூல் கற்றவர்கள், தாங்களே சொல்லுங்கள்” என்றார் முதியவர். யாம் முன்னரே கற்றிருந்தது சிறிது. அதன்பின் தேடிக் கற்றது பெரிது. அதனை ஈண்டு அன்பர்கட்கு எழுதுகின்றோம்.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மாநகரின் மணிக்கடை வீதியைக் காண்கின்றான். ஆண்டு இளங்கோவடிகள் நன்மரகதம் நீங்கியிருத்தற்குரிய குற்றங்களாக ஏகை, மாலை, இருள் என்னும் மூன்றினைக் கூறுகின்றார். இவற்றைக் கீற்று, தாரை, கருமை என எளிய சொல்லாற் சொல்லலாம். நிறையை மட்டும் நோக்காது குற்றத்தை நோக்கி மணியின் தரம் கண்ட வணிகர் அக்காலத்தே இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். ஆயின், குற்றமொன்றும் இல்லாத மரகதம் உலகில் அரிதினும் அரிது. அதற்குக் காரணம் அதன் பிறப்பு.

மரகதம் என்பது பெரில் என்னும் கனியத்தின் ஒரு வகை. தூய பெரிலுக்கு நிறமில்லை. குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலந்துழியே அது பசுமை பெறும். பெரிலியம் ஒருவகைப் பாறையிலும் குரோமியம் வேறொருவகைப் பாறையிலும் உறைவனவாதலின், இரண்டும் ஒருங்கு கூடுதல் எளிதன்று. நிலம் நெரிந்து பிளந்து, வெப்பநீர் அப்பிளவுகளிற் புகுந்து, இரண்டையும் கரைத்துக் கொணரும் இடத்திலேதான் இம்மணி விளையும். அத்தகைய கலக்கத்தினிடையே பிறப்பதால், பிளவும் நீர்த்துளியும் அயற்பொருளும் அதன் வயிற்றில் அகப்பட்டுவிடுகின்றன. பிரெஞ்சு மணிக்காரர் இவற்றைத் ‘தோட்டம்’ என்று நயம்படக் கூறுவர். நம்மவர் குற்றம் என்றதை அவர் தோட்டம் என்றது எமக்கு நகையும் வியப்பும் தந்தது.

இனி, நம் நாட்டு மணி வணிகர் உயர்ந்த மரகதத்தைப் ‘பழஞ்சுரங்கத்துப் பச்சை’ என்று நெடுங்காலமாக வழங்கி வந்தனர். கீழ்த்திசையில் எங்கோ மறைந்துபோன பழைய சுரங்கமொன்றிற் பிறந்தவை அவை என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கும் ஒரு விலையுண்டு. பழமை என்ற சொல்லே மணியை உயர்த்திவிடும். பதினேழாம் நூற்றாண்டில் இந்நாட்டிற் பன்முறை உலவிய தவர்னியே என்னும் பிரெஞ்சு மணி வணிகர், மரகதம் கீழ்நாட்டிற் கிடைப்பதென்பது பழம் பிழை என்று 1676-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதிவிட்டார். கேட்டவர் இலர்.

உண்மை யாதெனின், தென்னமெரிக்காவில் இன்று கொலம்பியா எனப்படும் நாட்டில் சீவோர், முசோ என்னும் மலையிடங்கள் உள. ஸ்பானியர் 1537-இல் முன்னதன் செய்தியை அறிந்தனர். முசோ மக்களோடு பல்லாண்டு பொருது பின்னதையும் கைக்கொண்டனர். அம்மண்ணின் மக்கள் சுரங்கத்துள் உழைத்தும் நோயுற்றும் மடிந்து தொகை அருகினர். அவர் அகழ்ந்த மணிகள் கார்த்தஹேனா துறையிற் கப்பலேறி, செவில், லிஸ்பன் நகர்களைக் கடந்து, கோவா வழியாக முகலாயர் கருவூலம் புகுந்தன. ஹைதராபாத் நிஜாம் கருவூலத்தைச் சார்ந்த ‘பழஞ்சுரங்க’ மரகதங்கள் நான்கனைப் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் ஆய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். மணியிலுள்ள உயிர்வளியணுக்களின் எடை விகிதம் பிறந்த சுரங்கத்திற்கேற்ப வேறுபடும். கண்ணுக்குத் தெரியாத சிறு குழியிட்டு அதனை அளந்தனர். மூன்று கொலம்பியாவின, ஒன்று ஆப்கானிஸ்தானத்தது. தவர்னியே கூறியது பெரும்பாலும் சரியாயிற்று. ஆயினும் கீழ்த்திசையை முற்றும் விலக்குதலும் பிழை; பண்டை உரோமர் காலத்துக் காதணியொன்றின் மரகதம் சுவாத் பள்ளத்தாக்கினின்று சென்றதென அவ்வாராய்ச்சியே காட்டிற்று.

இவ்வழி வந்த மணிகளுள் ஒன்று தனியே சொல்லத்தக்கது. 217.80 காரட், அஃதாவது நாற்பத்து மூன்று கிராமுக்குச் சிறிது மிகுந்த நிறை. ஒருபுறம் மலர் வேலை. மறுபுறம் ஷியா மரபினரின் வேண்டுதலும் ஹிஜிரி 1107 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அது கி.பி. 1695-96, ஔரங்கசீப் ஆட்சிக்காலம். அவ்வாண்டில் முகலாயப் படை நம் செஞ்சிக் கோட்டையை முற்றியிருந்தது. பேரரசரோ சுன்னி மரபினர். ஆதலின் இதனை உடையவர் அவரல்லர், உயர்நிலைப் பெருமகனொருவராகலாம் என்பர். இம்மணி 2001-இல் இலண்டன் ஏலத்தில் 22 இலக்கம் டாலருக்கு விலைபோயிற்று.

இதனோடு மற்றொன்றை வைத்து எண்ணுக. அமெரிக்கச் செல்வர் ராக்ஃபெல்லர் 1930-இல் தம் மனைவியார்க்கு வாங்கிய அணியிலிருந்த மரகதம் 18.04 காரட்டே. எண்ணெயோ பிற மருந்தோ தொடாத தெளிந்த கொலம்பியா மணி. 2017-இல் நியூயார்க்கில் 55 இலக்கம் டாலர் பெற்றது. பதினாறாண்டு இடையீட்டைக் கழித்துப் பார்ப்பினும், காரட்டொன்றுக்கு அங்கே பதினாயிரம், இங்கே மூன்று இலக்கத்திற்கு மேல் என்பது பெரிய வேறுபாடு. பிரேசிலிற் பாகியா மாநிலத்தில் 2001-இல் அகழ்ந்த பாறையோ 380 கிலோ நிறையுடையது. அதிற் பதிந்த மரகதம் அணிக்கு உதவாத தரம். வழக்குகளே அதற்கு மிகுந்தன.

எண்ணெய் என்றோமே, முதியவர் வீட்டு வழக்கின் முடிச்சு அதுதான். மரகதத்தின் மேற்பரப்பை எட்டும் நுண்பிளவுகளில் நிறமற்ற எண்ணெயை ஊட்டி மறைப்பது மணிக்காரரின் பழைய வழக்கம். ஒளி தடையின்றிச் செல்லக் கல் தெளிவுறும். வெந்நீரும் சோடாவும் அவ்வெண்ணெயைக் கழற்றிவிட்டன, கீற்று வெளிப்பட்டது. இதனைச் சொன்னபோது வீட்டார் அரைமனமாகவே கேட்டனர். பின்பு முதியவர் தம் பாட்டனார் கணக்கேட்டைத் தேடி எடுத்தார். ஒருகால் அம்மோதிரத்தை ஈடுவைத்து மீட்டபோது கல்லின் நிறையும், ‘வலமூலையில் வளைந்த கீற்று ஒன்று’ என்பதும் குறித்திருந்தனர். உருப்பெருக்கியில் நோக்கினோம். வளைந்த கீற்று அவ்விடத்தே இருந்தது, நிறையும் ஒத்தது. நகரத்து மணி ஆய்வாளரொருவர் பின்னர் நுண்ணோக்கியிற் காட்டியது இன்னும் வியப்பு: நீர்த்துளியொன்று, அதனுள் காற்றுக்குமிழி, அருகே சதுர உப்புப் படிகம், இம்மூன்றும் ஒருங்கிருத்தல் பெரும்பாலும் கொலம்பியா மணியின் அடையாளமாம். ‘பழஞ்சுரங்கம்’ என்று பாட்டியார் பெருமை பேசிய கல் கடல் பல கடந்தது.

அன்று மாலையே முதியவர் ஆசாரி வீட்டிற்குத் தாமே நடந்து சென்றார். யாமும் உடன் சென்றோம். ஆசாரி மோதிரத்தை விளக்கொளியிற் பிடித்து நெடுநேரம் நோக்கிவிட்டு, எண்ணெய் ஊட்ட இரண்டு நாளாகும் என்றார். கூலி எவ்வளவென்று கேட்டதற்கு மறுமொழி கூறவில்லை.