நேரமுத்திரை

பெயர்ச்சொல், நேரம் + முத்திரை. ‘டைம்ஸ்டாம்ப்’ என்பதற்கான தமிழாக்கம். ‘முத்திரை’ வடமொழி ‘முத்ரா’வின் தமிழ் வடிவம். வந்த கடிதத்தில் நாளும் நேரமும் குத்தும் அலுவலக வழக்கத்திலிருந்து கணினித் துறைக்கு வந்த சொல்.

வலையமைப்பில், ஒரு பாக்கெட் நெட்வொர்க் கார்டைக் கடக்கும் கணத்தை வன்பொருளே நானோநொடிக் கணக்கில் குறிப்பது. கடிகாரங்களை ஒத்திசைக்கும் ஐஇஇஇ 1588 நெறிமுறையின் துல்லியத்துக்கு இதுவே ஆதாரம்.

சில கார்டுகள் நேரத்தின் கீழ் 32 பிட்டுகளை மட்டுமே தரும்; அந்த எண்ணிக்கை சுமார் 4.29 நொடிக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். தான் முன்பு படித்துவைத்த கார்டு நேரத்திலிருந்து மேல் பிட்டுகளைச் சேர்ப்பது டிரைவரின் பொறுப்பு. அந்த நேரம் மிகப் பழையதானால், முத்திரை ஒரு முழுச் சுற்றின் அளவுக்குப் பிசகும். சுற்றில் பாதி கடப்பதற்குள் கார்டின் கடிகாரத்தை மறுபடி படித்துக்கொண்டே இருப்பதுதான் திருத்தம்.

வழக்கு: ‘பாக்கெட் சரி, நேரமுத்திரைதான் தவறு.’