குழந்தைகளின் அட்ரீனல் கட்டிகளும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையும்

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். குழந்தைப் பருவத்தில் அவற்றில் தோன்றும் கட்டிகளைத் தேட, பெரும்பாலும் முதலில் செய்யப்படுவது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. இதில் கதிர்வீச்சு இல்லை. மயக்க மருந்தும் பொதுவாகத் தேவைப்படாது. தாயின் மடியில் கிடத்தியே பார்க்கலாம்.

இக்கட்டிகளில் முதன்மையானது நியூரோபிளாஸ்டோமா. பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும் இப்புற்றுநோய், வயிற்று வீக்கமாகவே பல குழந்தைகளிடம் வெளிப்படுகிறது. சிறுநீரகத்திலேயே உருவாகும் வில்ம்ஸ் கட்டியிலிருந்து இதைப் பிரித்தறிவது அவசியம். நியூரோபிளாஸ்டோமா சிறுநீரகத்தை ஒதுக்கித் தள்ளும். பெரிய இரத்தக் குழாய்களைச் சூழ்ந்துகொள்ளும். உள்ளே சுண்ணாம்புப் படிவுகள் வெண்புள்ளிகளாகத் தெரியும்.

பச்சிளங்குழந்தைகளிடம் நிதானம் தேவை. பிரசவ அழுத்தத்தால் அட்ரீனலில் ஏற்படும் இரத்தக்கசிவும் கட்டிபோலவே தோன்றும். கசிவு சில வாரங்களில் சுருங்கும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் அதனுள் ஓட்டம் தெரியாது. ஆகவே மருத்துவர்கள் இடைவெளி விட்டு மீண்டும் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள்.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இந்தப் பொறுமைக்கு வலுவூட்டியது. 6 மாதத்துக்கு உட்பட்ட, சிறிய அட்ரீனல் கட்டியுள்ள 83 குழந்தைகள் அறுவை சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டனர். பெரும்பாலோருக்குக் கத்தி வைக்கவே நேரவில்லை.

அட்ரீனலின் புறப்பகுதியில் வரும் புற்றுநோய் அரிது. டிபி53 மரபணு மாற்றத்தால் வரும் லி-ஃப்ராமெனி நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு அதன் அபாயம் அதிகம் என்பதால், 3 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது.

நியூரோபிளாஸ்டோமாவை உறுதிசெய்ய அல்ட்ராசவுண்ட் மட்டும் போதாது. சிறுநீரில் கேட்டகோலமின் ஹார்மோன்களின் கழிவுப்பொருள்களின் அளவு, எம்.ஆர்.ஐ., எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை ஆகியவை அடுத்து வருகின்றன.