வைடேலியா வெங்காயம்: மண்ணும் பெயரும்

பயிரொன்றின் வரலாறு பெரும்பாலும் வித்தின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அதில் மண்ணும் சட்டமும் பெறும் பங்கினை ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து வைடேலியா வெங்காயம் தெளிவாகக் காட்டுகின்றது.

பொருளாதார மந்தம் நிலவிய 1931 இல், டூம்ஸ் மாவட்ட விவசாயி மோசஸ் கோல்மன் தாம் பயிரிட்ட வெங்காயம் காரமின்றி இனித்தலைக் கண்டார். தொடக்கத்தில் அதனை விற்பது அரிதாயிருந்தது. பின்னர் 50 இறாத்தல் மூடை 3.50 டொலருக்கு விலைபோயிற்று. அந்நாளில் அது பெருவிலை. 1940களில் வைடேலியா நகரில் மாநிலச் சந்தை அமைந்தது. அங்கு வாங்கிச் சென்ற வழிப்பயணிகளால் நகரின் பெயரே வெங்காயத்தின் பெயராயிற்று.

இவ்வினிமைக்குக் காரணம் சர்க்கரை மிகுதியன்று. அப்பகுதியின் மணற்பாங்கான மண்ணிற் கந்தகம் குறைவு. ஆதலின் காரந்தரும் கந்தகச் சேர்வைகளும் குறைகின்றன. அதே வித்து வேற்று மண்ணிற் காரமாக விளையலாம்.

சற்றே தட்டையான வடிவம், மெல்லிய வெளிர்பொன்னிறத் தோல், உலர்ந்த கழுத்து, அழுத்தினும் நெகிழாத திண்மை என்பன தெரிவுசெய்வோர் நோக்கவேண்டிய அடையாளங்கள். நீர் மிகுந்தமையால் இது நெடுநாள் இருப்பில் நில்லாது.

எனினும் இவ்வடையாளங்கள் பிறவிடத்து வெங்காயத்துக்கும் பொருந்தும்; கந்தகக் குறைவைக் கண் அறியாது. புகழ் பெருகியபோது வேற்றிட விளைவும் வைடேலியா என்றே விற்கப்பட்டமைக்கு இதுவே வாய்ப்பளித்தது. 1986 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் 20 மாவட்டங்களை முழுமையாகவோ பகுதியாகவோ உள்ளடக்கிய எல்லைக்குள் விளைந்ததற்கே அப்பெயரை உரியதாக்கியது; 1989 இல் சமஷ்டி அரசின் ஆணையும் அதற்குத் துணையாயிற்று. ஆகவே, தெரிவுசெய்வோர் முதலில் வினவவேண்டியது விளைந்த நிலத்தையே. விவசாயியின் வருவாய்க்கும் அதுவே காப்பாகும்.