பேட்டரிக்கட்டை ரேடியோ முதல் புளூடூத் ஸ்பீக்கர் வரை

"ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல புளூடூத் ஸ்பீக்கர் எதுடா?" என்று வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. மாடல் பெயர் சொல்லலாம். ஆனால் ஆறு மாதத்தில் அந்த மாடலே கடையில் இருக்காது. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்து வருகிறேன். கையில் தூக்கிக்கொண்டு போகும் பாட்டுப்பெட்டியை விலை விசாரித்து வாங்குவது நம் ஊருக்குப் புதிதில்லை. நம் தாத்தா, ஆச்சி காலத்திலேயே அது நடந்துவிட்டது. அவர்கள் எதைப் பார்த்து வாங்கினார்கள் என்று தெரிந்தால் நமக்கும் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒன்று. வானொலி வந்த புதிதில் சத்தம் என்பது தனி மனிதனின் சொத்தாக இல்லை. சென்னையில் 1924-இல் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமில்லாமல் 1927-இல் நிறுத்தியது. 1930-இல் சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுத்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள், ஜனங்கள் நின்று கேட்டார்கள். 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம், 1939-இல் திருச்சி நிலையம். கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ. இன்றும் சில ஊர்களில் அந்த ரேடியோ அறை இடிந்தும் இடியாமலும் நிற்கிறது. பெட்டி பூட்டிய அறைக்குள், சாவி பஞ்சாயத்து ஆள் கையில். அவர் திறந்தால்தான் பாட்டு!

வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். வால்வு ரேடியோ கனமானது. கரண்ட் வேண்டும், கூரைமேல் ஏரியல் கம்பி வேண்டும், போட்டதும் சூடாகிப் பேசவே சற்று நேரமாகும். போதாததற்கு லைசென்ஸ். 1933-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதே குற்றம். தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. பாட்டுக் கேட்கத் தபால் ஆபீசுக்குப் போன காலத்தை இன்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் :-)

இதையெல்லாம் மாற்றியது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சின்னப் பொருள். 1954-இல் அங்கே ரீஜென்சி டி.ஆர்.-1 என்ற முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது, விலை 49.95 டாலர். மறு வருடமே ஜப்பானில் சோனியும் ஒன்றை வெளியிட்டது. சூடாக வேண்டிய வால்வு இல்லை, அதனால் மின்சாரம் மிகக் கொஞ்சம் போதும். டார்ச் லைட்டுக்குப் போடும் அதே பேட்டரிக்கட்டை போட்டால் பாடும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. கரண்ட் வராத வீட்டுக்கும், வயலுக்கும், டீக்கடைக்கும் சத்தம் நடந்து போனது. நம் ஜில்லாவில் பீடி சுற்றும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள். கை இரண்டும் இலையிலும் தூளிலும் இருக்கும், கண்ணும் அதில்தான். காது மட்டும் சும்மா இருக்கிறது! "அன்றாடப் பயன்பாடு" என்று இன்று அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிறார்களே, அதற்கு முதல் அர்த்தம் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்பேன்.

சரி, அந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள்? பெரும்பாலும் இலங்கை வானொலி. இதற்கு ஒரு அரசியல் காரணம், ஒரு பூகோளக் காரணம். 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று நினைத்தார். ஆகாசவாணியில் அது கிட்டத்தட்ட நின்றே போனது. கொழும்பிலிருந்து பாட்டு தாராளமாக வந்தது. 1957-இல் விவித பாரதி தொடங்கியதே அந்தப் பக்கம் போன நேயர்களைத் திரும்ப இழுக்கத்தான். பூகோளக் காரணம் இதைவிடச் சுவையானது. நம் வண்ணார்பேட்டையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை சுமார் 560 கிலோமீட்டர், கொழும்பு சுமார் 310 கிலோமீட்டர்தான். நடுவில் கடல் வேறு. மீடியம் வேவ் அலை வறண்ட நிலத்தைவிட உப்புத்தண்ணீர் மேல் நன்றாகப் பயணம் செய்யும். அதனால் தலைநகரம் கரகரக்கும்போது வெளிநாடு பக்கத்து வீடு மாதிரிக் கேட்டது! மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது... இந்தப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகமே மாறும்.

1963 டிசம்பர் 1-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் இப்போது பக்கத்திலிருந்தே. வானொலிக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதற்குத் தஞ்சாவூர் சாட்சி. 1960-களில் ஏ.டி.டி.-27 என்ற நெல்லைத் திருச்சி வானொலி பரப்பியதால் விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே "ரேடியோ நெல்". பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு டிரான்சிஸ்டரைப் பரிசாகக் கொடுக்கும் அளவுக்கு அது எல்லோரும் ஆசைப்படும் பொருளாகிவிட்டது (அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம்).

அடுத்து கேசட். பிலிப்ஸ் அதை 1963-இல் கொண்டுவந்தாலும் நம் பக்கம் அதைத் தூக்கிவந்தவர்கள் வளைகுடா நாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர்கள். டூ-இன்-ஒன் என்று பெயர், ரேடியோவும் டேப்பும் ஒன்றாக. இந்தக் காலத்தில்தான் ஒரு பொய்யும் கூடவே இறங்கியது. பெட்டிமேல் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று பெரிய எழுத்து. ஒரு கணத்தில் வரக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்டுப் போட்ட எண் அது. தொடர்ந்து வரும் சக்தி சில வாட் மட்டுமே.

புளூடூத் 1994-இல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய வேலை. 1998-இல் பல நிறுவனங்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆக்கின. பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டு புளூடூத்துடையது. ஆரம்பத்தில் கம்பி இல்லாமல் பேசத்தான் அது. நல்ல ஸ்டீரியோ பாட்டு அனுப்பும் முறை 2003-இல் வந்தது. லித்தியம் பேட்டரியைச் சோனி 1991-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. இரண்டும் மலிவாகிச் சேர்ந்ததும் நம் கையில் இருக்கும் உருளை பிறந்தது. நடுவில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றி, செல்போனையே சில்வர் டம்ளருக்குள் போட்டுக் கேட்டோமே, அது ஒரு பொற்காலம்!

இப்போது கடைக்குப் போவோம். வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சக்தி இரண்டு மடங்கானால் சத்தம் மூன்று டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம்தான். இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தி வேண்டும். பழைய டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கும் குறைவாக வாங்கித் திண்ணை முழுக்கக் கேட்டது. 5 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் நடுவே அடித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் பட்டாலும் தாங்கும் என்றால் எந்த அளவு என்று கேளுங்கள். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐ.பி.எக்ஸ்.4 வெறும் தெறிப்புக்குத்தான், ஆற்றுக்குக் கொண்டுபோக ஆகாது. படம் பார்க்க வாங்குகிறீர்கள் என்றால் உதடு அசைந்த பிறகு வசனம் வருகிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள், புளூடூத்தில் அந்தத் தாமதம் சகஜம்.

என் பெரிய குறை பேட்டரி. டிரான்சிஸ்டரில் கட்டை தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டார்கள், பேண்டு முள் அறுந்தால் ரேடியோ கடைக்காரர் நூல் மாற்றிக் கொடுத்தார். ஒரு பெட்டி இருபது வருடம் ஓடியது. இன்றைய மலிவு ஸ்பீக்கரில் பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் அது தளர்ந்துவிடும், மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் குப்பைக்குப் போகும். ஆயிரம் ரூபாய் மலிவு என்கிறோம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிரம் என்றால் ஆச்சியின் ரேடியோவே மலிவு. அதனால் திருகாணி வைத்து மூடியதா, பசை போட்டு ஒட்டியதா என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏ.யூ.எக்ஸ். துளை இருந்தால் இன்னும் நல்லது, புளூடூத் பகுதி கெட்டாலும் கம்பி போட்டுக் கேட்கலாம்.

கடைசியாகச் சத்தத்தின் தரம். கடைக்காரர் போடும் பாட்டில் முடிவெடுக்காதீர்கள், அது அந்த ஸ்பீக்கருக்கென்றே பொறுக்கி வைத்தது. செல்போனில் ஒரு வில்லுப்பாட்டுப் பதிவு கொண்டு போங்கள். வில்லில் கட்டிய மணி கிணுகிணுக்கும், அது மேல் ஸ்தாயி. குடம் தட்டும் சத்தம் அடி ஸ்தாயி. நடுவில் புலவர் குரல். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் குடம் முழுசாக வராது, அது இயற்கை, அவ்வளவு சின்னக் கூம்பு அத்தனை காற்றைத் தள்ள முடியாது. ஆனால் மணி காதைக் குத்தாமல், கதை சொல்லும் வார்த்தை ஒவ்வொன்றும் புரியும்படி, சத்தத்தை முக்கால்வாசி ஏற்றிய பிறகும் பெட்டி அதிராமல் இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். வண்ணார்பேட்டை ரோட்டு இரைச்சலில் அந்தக் கதை புரிந்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் மட்டும் போட வேண்டாம் ப்ளீஸ்!