ஓராக்காவ் முற்றுகை: நிகழ்வும் நினைவும்

நியூசிலாந்தின் வடதீவில் வைக்காட்டோ நிலப்பகுதியைக் கைப்பற்ற 1863 ஜூலையில் தொடங்கிய ஆங்கிலேயப் படையெடுப்பின் இறுதிப் பெரும்போர் ஓராக்காவில் நிகழ்ந்தது. 1858இல் மாவோரிக் குலங்கள் பல கூடித் தமக்கென ஓர் அரசரை நிறுவியிருந்தன. அவ்வியக்கத்தை ஒடுக்குவதும் வளமான விளைநிலங்களைக் குடியேறிகளுக்குப் பெற்றுத்தருவதும் படையெடுப்பின் நோக்கங்களாக இருந்தன. 1863 டிசம்பரிலேயே நிலப்பறிமுதலுக்கான சட்டம் இயற்றப்பட்டுவிட்டது என்பதை இங்குக் கருத வேண்டும்.

மாவோரி மொழியில் 'பா' எனப்படும் அரண்கள் பெரும்பாலும் குன்றின்மேல், தப்பிச்செல்ல வழியுடன் அமைக்கப்பட்டவை. ஓராக்காவ் அவ்வகையினது அன்று. கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைந்த, பீச் மரங்கள் நின்ற ஓர் ஊரின் தோட்டநிலத்தில் அவசரமாக எழுப்பப்பட்ட சிறிய மண்ணரண் அது. உள்ளே நீர்நிலை இல்லை. நாற்புறமும் சூழத்தக்க இடம். மனியபோட்டோ குலத் தலைவர் ரெவி இவ்விடத்தில் போரிடுவதை விரும்பவில்லை. நெடுந்தொலைவிலிருந்து உதவிக்கு வந்த தூஹோ முதலிய குலத்தார் போரை வற்புறுத்தவே அவர் இணங்கினார். ஆகவே, இம்முற்றுகையை ரெவியின் போர்த்திட்டமாக மட்டும் காண்பது பொருந்தாது.

1864 மார்ச் 31 அன்று பிரிகேடியர் ஜெனரல் கேரி தலைமையில் படைகள் அரணைச் சூழ்ந்தன. உள்ளே இருந்தோர் பெண்டிர், சிறாரையும் சேர்த்து ஏறத்தாழ 300 பேர். வெளியே இருந்தோர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். முதல்நாள் நேரடித் தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. மண்ணும் பெரணிக் கட்டுகளும் அடுக்கடுக்காக இட்டெழுப்பிய சுவர் பீரங்கிக் குண்டுகளின் வேகத்தை உள்வாங்கிக்கொண்டது. அதன்பின் கேரி, பதுங்குகுழி தோண்டியவாறே அரணை நெருங்கும் முறையை மேற்கொண்டார். பகைவரின் துப்பாக்கிக்கு முன்னரே உள்ளிருந்தோரைத் தளர்த்தியது தாகம். தண்ணீர் தீர்ந்தது, ஈயக்குண்டுகள் குறைந்தபோது பீச் கொட்டைகளையும் மரத்துண்டுகளையும் இட்டுச் சுட்டனர்.

ஏப்ரல் 2 அன்று களத்திற்கு வந்த தலைமைத் தளபதி கேமரன், மொழிபெயர்ப்பாளர் மேர் வழியாகச் சரணடையுமாறு கேட்டார். என்றென்றும் போரிடுவோம் என்பதே மறுமொழி. அதைச் சொன்னவர் ரெவி என்பது பொதுவழக்கு; ஹவுராக்கி டோங்கனுயி என்பாரின் குரலே வெளியே கேட்டது என்னும் மரபும் உண்டு. மேர் வழிவந்த வடிவத்தில் 'நான்' என்னும் ஒருமை உள்ளது. பின்னர் நிலைபெற்ற வடிவத்திலோ முன்னிலையாரை உட்படுத்தாத பன்மை அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் மறைந்துபோகும் இவ்வேறுபாட்டைத் தமிழின் 'நாங்கள்' துல்லியமாகக் காட்டும். ஒருவரின் சூளுரை ஒரு கூட்டத்தின் சூளுரையாக மாறியதற்கு இவ்விலக்கணமே சான்று. பெண்டிரையும் சிறாரையும் வெளியே அனுப்புமாறு மீண்டும் கேட்டபோது, ஆடவர் மடிந்தால் தாமும் மடிவதாக அஹுமாய் தே பயராட்டா என்னும் பெண் விடையளித்தார் என்பர்.

அன்று பிற்பகல் உள்ளிருந்தோர் அனைவரும் ஒரே திரளாக வெளிப்பட்டு, தெற்கே பூனியு ஆற்றை நோக்கிச் சதுப்புநிலத்தின் வழியே சென்றனர். இறந்தோரில் பெரும்பகுதியினர் அரணுக்குள் வீழ்ந்தவர் அல்லர். குதிரைப்படையும் காடுசார் படையும் துரத்தியபோது கொல்லப்பட்டவர். பெண்டிரும் இதற்கு விலக்கல்லர். மாவோரியர் தரப்பில் இழப்பு 150 வரை மதிப்பிடப்படுகிறது. ஆங்கிலேயர் தரப்பில் மடிந்தோர் 17 பேர். பலமுறை சுடப்பட்டும் அஹுமாய் உயிர் தப்பினார். அவருடைய தந்தை தப்பவில்லை. சகோதரர் ஹிதிரி 1888இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் இந்நிகழ்வை வாய்மொழியாக உரைத்தார். வென்றோரின் பதிவுகளே மிகுந்த இப்பொருளில், முற்றுகையை உள்ளிருந்து கண்டவர் ஒருவரின் கூற்று என்ற வகையில் அது இன்றியமையாதது.

குடியேறிகளின் எழுத்துகள் சரணடைய மறுத்த வீரத்தைப் போற்றின. துரத்திக் கொன்றதைச் சில வரிகளில் கடந்தன. தோற்றோரின் வீரத்தைப் புகழ்வது வென்றோருக்கு எளிது. பறித்த நிலத்தைப் பற்றிப் பேசுவது அவ்வளவு எளிதன்று. வைக்காட்டோவில் பறிமுதலான நிலம் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர். 'ரெவியின் கடைசி எதிர்ப்பு' என்னும் பெயரில் 1925இலும் 1940இலும் திரைப்படங்கள் வெளிவந்தன. ஆனால் ரெவி அங்கு மடியவில்லை. பூனியு ஆற்றுக்குத் தெற்கே மாவோரியர் ஆட்சி மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. ரெவி 1894இல்தான் காலமானார். போரின் ஐம்பதாம் ஆண்டான 1914இல் ஓராக்காவில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. அரண் நின்ற மண்ணின் ஊடாகவே இன்று சாலை செல்கிறது.